“அவனுக்காக நான் வாய் திறந்திருக்க வேண்டுமா?”

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் பிளஸ் ஒன் படிக்கும் பதினாறு வயது மாணவர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கத்தை முதலில் தருகிறேன். யாருடைய அடையாளமும் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருடைய அப்பா ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறார். மாணவர் அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கிறார். வகுப்பில் முதல் மூன்று இடங்களுக்குள் வருபவர், கூச்ச சுபாவம் உள்ளவர், விளையாட்டுப் பக்கமே போகாதவர். இயற்பியல் ஆய்வகத்தில் பெயர் வரிசைப்படி இருவர் இருவராகப் பிரித்தபோது, கடலோர ஊரிலிருந்து வரும் ஒரு மாணவன் இவருக்குச் சோதனைத் துணையாக வந்தான். அவன் இவரைவிட ஒரு வயது மூத்தவன், பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர், அதிகம் பேசாதவன். அவனுடைய அப்பா ஆழ்கடல் மீன்பிடித் தொழிலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார். முதல் மாதம் இருவரும் வெர்னியர் அளவியைப் பற்றித் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு இவருடைய மரச்சீனிக் கிழங்கும் அவனுடைய நெத்திலி அவியலும் ஒரே இலையில் விழ ஆரம்பித்தன. இவர் அவனுக்கு வகை நுண்கணிதம் சொல்லிக்கொடுத்தார். அவன் இவருக்குக் குழித்துறை ஆற்றில் நீச்சல் சொல்லிக்கொடுத்தான்.

டியூஷனில் இவரோடு படிக்கும் ஐந்தாறு பேருக்கு இந்த நட்பு பிடிக்கவில்லை. கையில் ஒரே நிறக் கயிறு கட்டிய கூட்டம் அது. “அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் உன் சட்டையும் நாறும்” என்று தொடங்கினார்கள். அவர்கள் அவனை விட்டுவிட வேண்டும் என்ற எண்ணத்தில், அவன் தனியாகச் சொன்ன ஒன்றை இவர் அவர்களிடம் சொன்னார். 2017 ஒக்கிப் புயலில் கடலுக்குப் போன அவனுடைய சித்தப்பா திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை, இன்றும் பலத்த காற்றின் சத்தம் கேட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. இதைக் கேட்டால் இரக்கப்படுவார்கள் என்று இவர் நம்பினார். மறுநாளிலிருந்து அவன் வகுப்புக்குள் வரும்போதெல்லாம் காற்று ஊளையிடுவதுபோல் விசிலடிக்கத் தொடங்கினார்கள். ஒருநாள் வகுப்பே சிரித்தது. இவரும் சிரித்தார். அவன் திரும்பி இவரை மட்டும் பார்த்தான். பையை எடுத்துக்கொண்டு போனவன் பத்து நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. ‘ஸாரி’ என்று இவர் அனுப்பிய செய்திகளுக்கு ஒரே ஒரு பதில் வந்தது: “இனி என்னால் யாருக்கும் தொல்லை இருக்காது.”

புகார் கொடுக்கலாமா, கொடுத்தால் காட்டிக்கொடுத்தவன் ஆகிவிடுவேனா, வன்கொடுமைச் சட்டத்தில் அந்தப் பையன்கள் ஜெயிலுக்குப் போய்விடுவார்களா, கூட்டத்தின் தலைவனுடைய அப்பா எங்கள் கடைக்கு ஷீட் தருபவர், அதனால் வீட்டில் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்கிறார்கள், தாத்தா 1982 மண்டைக்காட்டுக் கலவரத்தைப் பற்றிப் பேசுகிறார், ஒருவேளை அவன் படிப்பை விட்டுக் கடலுக்குப் போவதுதான் அவனுக்கும் நிம்மதியோ — இவையே அவருடைய கேள்விகள்.

*

அன்புள்ள தம்பி,

நீ மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். உன் மற்ற கேள்விகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இன்றே செய்ய வேண்டியது

“இனி என்னால் யாருக்கும் தொல்லை இருக்காது” என்பதற்கு, பள்ளிக்கு வர மாட்டேன், படகில் ஏறப் போகிறேன் என்று மட்டும் பொருள் இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் வகுப்பே சேர்ந்து சிரித்ததைக் கேட்டுவிட்டு வெளியேறிய, வீட்டில் ஏற்கெனவே ஒரு சாவின் நிழல் இருக்கிற பதினேழு வயதுப் பையன் இப்படி எழுதினால், நாம் அதை ஊகத்துக்கு விட முடியாது. உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவர்கள், தாங்கள் மற்றவர்களுக்குப் பாரம் என்ற பேச்சைத்தான் பல நேரம் பேசுவார்கள்.

ஆகவே இதைப் படித்து முடித்ததும், பள்ளி திறக்கும் நேரத்துக்குக் காத்திருக்காமல், அந்தச் செய்தியை ஒரு பெரியவரிடம் காட்டு. உன் கடிதத்தில் இயற்பியல் ஆசிரியையைப் பற்றி மட்டும்தான் நம்பிக்கையோடு எழுதியிருக்கிறாய். அவரிடமே காட்டு. அவன் வீட்டுக்கு அவர் இன்றே பேச வேண்டும். அவனுடைய அம்மாவுக்கோ ஊரில் அவன் மதிக்கும் ஒருவருக்கோ இது தெரிய வேண்டும். 14416 என்ற மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கான 1098 எண்ணும் அப்படியே. அவனுக்காக நீயே அழைக்கலாம்.

அவனிடம் நேரில் பேச வாய்ப்புக் கிடைத்தால், “சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?” என்று நேராகவே கேள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அது தவறு. நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருந்தால் சொல்ல வழி திறக்கிறது. “ஆம்” என்றால் அவனைத் தனியாக விடாதே. அதை ரகசியமாக வைத்திருப்பதாக வாக்கும் கொடுக்காதே.

“நான் சிரிக்க மட்டும்தான் செய்தேன்”

இந்த வாக்கியத்தை நீ கடிதத்தில் இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறாய். நான் உன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற விரும்பவில்லை. ஆனால் ‘மட்டும்’ என்ற சொல்லை உன்னிடமிருந்து எடுத்துவிட வேண்டியிருக்கிறது.

1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார். ஓர் அறையில் சிலர் உட்கார்ந்து, அட்டையில் வரைந்த கோடுகளில் எது எதற்குச் சமம் என்று சொல்ல வேண்டும். சிறு பிள்ளைக்கும் தெரியும் விடை. ஆனால் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் முன்பே பேசிவைத்துக்கொண்டு தவறான விடையைச் சொல்வார்கள். விஷயம் தெரியாத அந்த ஒருவர் மூன்றில் ஒரு பங்கு தடவை, கண்ணுக்கு எதிரே இருப்பதை மறுத்து, கூட்டத்தோடு சேர்ந்து தவறான விடையைச் சொன்னார். தனியாகக் கேட்டால் அநேகமாக யாரும் அந்தத் தவறைச் செய்வதில்லை. நீ அன்று சிரித்ததை இதை வைத்துத்தான் புரிந்துகொள்கிறேன். கூட்டத்தின் அழுத்தம் அப்படிப்பட்டது. பெரியவர்களே அதற்குப் பணிந்துவிடுகிறார்கள்.

அதே சோதனையின் அடுத்த பகுதியைத்தான் நீ கவனிக்க வேண்டும். அந்த அறையில் சரியான விடையைச் சொல்லும் இன்னொருவரை உட்காரவைத்தபோது, தனித்து நின்றவர் கூட்டத்துக்குப் பணிவது வெகுவாகக் குறைந்தது. ஒரே ஒரு துணை போதும். பிறகு அந்தத் துணை பாதியில் கட்சி மாறிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டபோது, அவர் மறுபடியும் பழையபடி தடுமாறத் தொடங்கினார்.

உன் நண்பனுக்கு அந்த வகுப்பில் துணை நீ. அத்தனை நாட்கள் விசில் கேட்டும் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தவன், நீ சிரித்த அன்றுதான் பையை எடுத்தான். அவன் திரும்பிப் பார்த்தது விசிலடித்தவர்களை அல்ல.

அந்த விசிலுக்கு அவர்கள் பயன்படுத்தியதும் நீ சொன்ன செய்தி. உன் எண்ணம் நல்லதுதான், அதை நான் முழுமையாக நம்புகிறேன். இருந்தாலும் ஒருவன் நம்பிச் சொன்ன துக்கத்தை, அவனைக் கேட்காமல், அவனைக் காப்பாற்றுவதற்காகவே ஆனாலும், அவன் எதிரிகள் கையில் கொடுத்துவிட்டாய். அது எவ்வளவு பெரிய துக்கம் என்பதும் உனக்கு முழுதாகத் தெரிந்திருக்க நியாயமில்லை. 2017 நவம்பர் 30ஆம் தேதி அடித்த அதே காற்றில் உங்கள் பக்கத்து ரப்பர் மரங்களும் வாழைத் தோட்டங்களும் வேரோடு சாய்ந்தன. உங்கள் வீட்டிலும் அதன் இழப்பு இருந்திருக்கும். விழுந்த மரத்தை எண்ணிவிடலாம். கடலுக்குப் போனவரின் உடல் வராத வீட்டில் அழுது முடிக்கவே வழியில்லை. எங்கேயாவது கரை ஒதுங்கியிருப்பார், வேறு நாட்டுக் கப்பல் ஏற்றியிருக்கும் என்ற நம்பிக்கை வருடக்கணக்கில் விடாது. பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் இத்தகைய முடிவு தெரியாத இழப்பைத் தனியாக ஆராய்ந்து, சாவைவிட இதைத் தாங்குவது கடினமாக இருப்பதற்குக் காரணம் அந்த முடிவின்மைதான் என்று விளக்கினார். உன் நண்பனுக்கு அப்போது ஒன்பது வயது இருந்திருக்கும். காற்று அவன் வீட்டில் இன்னும் நின்றபாடில்லை. அதைத்தான் வகுப்பறைக்குள் கொண்டுவந்தார்கள்.

புகார்: உரிமையும் ஆபத்தும்

புகார் சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது. ஒருவரைத் தண்டனையில் மாட்டிவிடுவதற்காகச் சொல்வதும், அடிபடும் ஒருவரைக் காப்பதற்காகச் சொல்வதும் வேறு வேறு. உன் நோக்கம் எது என்று உனக்கே தெரியும்.

வன்கொடுமைச் சட்டத்தைப் பற்றிய உன் பயம் இந்த விஷயத்தில் பொருந்தாது. அது பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் எதிரான கொடுமைகளுக்கான சட்டம். நம் மாவட்டத்தின் மீனவச் சமூகங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்களில் வருகின்றன. ஜெயில் என்ற பேச்சுக்கும் இடமில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தனியாகவே நடத்துகிறது. சிறிய குற்றங்களுக்கு அவர்கள்மீது போலீஸ் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வதில்லை. நாட்குறிப்பில் எழுதி, பையனின் குடும்பப் பின்னணி அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்புவார்கள். பிற்காலப் படிப்புக்கும் வேலைக்கும் அது தடையாகக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. உன் கடிதத்தில் உள்ள அளவுக்கு இது போலீஸ் வரை போக வேண்டிய விஷயமே அல்ல. பள்ளிக்குள் தீர்க்க வேண்டியது, தீர்க்கக் கூடியது. பள்ளி கைகழுவினால் பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண் இருக்கிறது. 1098க்குச் சொன்னால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் தகவல் போகும்.

ஆபத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். 2023 ஆகஸ்டில் நம் பக்கத்து மாவட்டத்தில், நாங்குநேரியில், உடன் படித்தவர்களின் தொல்லையால் பள்ளிக்குப் போகாமலிருந்த ஒரு மாணவர், அந்தக் காரணத்தைப் பள்ளியில் சொன்னதை அடுத்து, வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அந்தக் கொடுமைக்குப் பிறகுதான் அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் வந்த அவருடைய அறிக்கை, சாதியைக் காட்ட மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. உன் வகுப்பிலும் ஒரே நிறக் கயிறு இருக்கிறது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. உன்னையும் கட்டச் சொல்கிறார்கள் என்கிறாய். கட்டாதே. ‘எங்கள் வீட்டில் விடமாட்டார்கள்’ என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாலும் தவறில்லை. இப்போதைக்கு அது போதும்.

இந்த ஆபத்தால் புகாரை விட்டுவிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. புகாரைப் பெரியவர்கள் கையாள வேண்டும் என்றுதான் சொல்கிறேன். ஆசிரியையிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள். யார் சொன்னது என்று வெளியே தெரியக் கூடாது. அந்த ஐந்தாறு பேரையும் அவனையும் ஒரே அறையில் எதிரெதிரே நிறுத்தி, ‘கைகொடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் சமாதானக் கூட்டம் வேண்டாம். அது பலியானவனையே மீண்டும் நிற்கவைத்து அவமதிப்பது. மூன்றாவதாக, அவன் திரும்பி வரும் நாட்களில் பள்ளி விடும் நேரத்திலும் பஸ் நிறுத்தத்திலும் ஒரு பெரியவரின் கண் இருக்க வேண்டும். வாட்ஸாப் குழுவில் அவனைப் பற்றி வந்தவற்றை நீ வெட்கத்தில் அழித்துவிட நினைக்கிறாய். அழிக்காதே, யாருக்கும் அனுப்பவும் செய்யாதே. ஆசிரியையிடம் மட்டும் காட்டு. அதில் உன் சிரிப்பும் இருக்கிறது என்றாலும் காட்டு.

இன்னொன்று. அந்தச் செய்தியைப் பற்றிப் பெரியவர்களிடம் சொல்ல அவன் அனுமதி தேவையில்லை, அது உயிர் சம்பந்தப்பட்டது. விசிலைப் பற்றி முறையான புகார் எழுதுவது வேறு. அதற்கு முன் அவனைக் கேட்க வேண்டும். ஒருமுறை அவனைக் கேட்காமல் அவனுக்காக முடிவெடுத்ததில்தான் இவ்வளவும் நடந்தது.

வீட்டில் சொல்வது

உன் தாத்தாவை நான் கோபித்துக்கொள்ளவில்லை. 1982இல் மண்டைக்காட்டில் மூண்ட கலவரம் நம் மாவட்டத்தில் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் நடுவே ஒரு சுவரைக் கட்டிவிட்டுப் போனது. இரண்டு பக்கத்து வீடுகளிலும் அந்தக் கதைகள் உண்டு. உன் நண்பனின் தாத்தாவும் உன்னைப் போன்றவர்களைப் பற்றி ஏதோ சொல்லித்தான் அவனை வளர்த்திருப்பார். பத்துக் கிலோமீட்டர் இடைவெளியில் இருந்துகொண்டு, சந்தையில் மீன் வாங்குவதையும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருவதையும் தவிர வேறு உறவில்லாமல் வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம். 2004 சுனாமியில் கரையோர மக்கள் உள்ளூர்ப் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் வந்து தங்கியதும் உன் தாத்தா கண்ணால் பார்த்ததுதான். அதையும் அவரிடம் கேள். பெரியவர்கள் நாம் கேட்கும் கதையைத்தான் சொல்வார்கள்.

வெறுமனே பக்கத்தில் வாழ்ந்தால் வெறுப்பு குறைவதில்லை என்று கோர்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இலேயே எழுதினார். இருவரும் சம நிலையில் இருக்க வேண்டும், ஒரே வேலையைச் சேர்ந்து செய்ய வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும் என்றார். உங்கள் ஆய்வக மேசையில் முதல் இரண்டும் இருந்தன. அதனால்தான் வெர்னியர் அளவியில் தொடங்கிய உங்கள் பேச்சு அவ்வளவு தூரம் போனது. மூன்றாவது இல்லாமல் போனது. அது பள்ளியின் குறை, உன் வீட்டின் குறையும்கூட.

அப்பாவின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஷீட் வரத்து நின்றால் கடை என்ன ஆகும் என்று அவர் யோசிப்பது இயல்பு. அவரிடம் ‘புகார்’ என்று தொடங்காதே. அந்தச் செய்தியைக் காட்டி, “இவன் என் நண்பன், இவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னால் தாங்க முடியாது” என்று சொல். தகப்பன்மார் பலர் வியாபாரக் கணக்கிலிருந்து வெளியே வர ஒரு காரணத்துக்காகக் காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர் சம்மதிக்காவிட்டாலும் ஆசிரியையிடம் நீ பேசலாம்.

அவன் கடலுக்குப் போவதே அவனுக்கு நிம்மதி என்ற உன் எண்ணத்துக்கு வருகிறேன். கடல் தொழில் மதிப்புக்குரியது. அதை அவன் விரும்பித் தேர்ந்தெடுத்தால் வாழ்த்துவேன். ஆனால் சித்தப்பாவை விழுங்கிய கடலுக்கு, காற்றுச் சத்தத்தில் தூங்க முடியாத ஒரு பையன், வகுப்பறையில் இடமில்லாததால் போகிறான் என்றால் அதைத் தேர்வு என்று எப்படிச் சொல்வது? அப்படிச் சொல்லிக்கொண்டால் உனக்குத்தான் கொஞ்சம் நிம்மதி கிடைக்கும்.

அவனைச் சந்திக்கும்போது

‘ஸாரி’ என்று இனி செய்தி அனுப்பாதே. வீட்டில் பேசிவிட்டு, முடிந்தால் ஆசிரியையோடு, அவன் ஊருக்குப் போ. சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்: நீ சொன்னதை நான்தான் அவர்களிடம் சொன்னேன், அன்று நானும் சிரித்தேன், இரண்டும் தவறு. அவர்கள் மிரட்டியதைப் பற்றியும் உன் பயத்தைப் பற்றியும் அன்று பேச வேண்டாம். அவற்றைச் சொன்னால் அவன் உனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிவரும். மன்னித்தேன் என்று சொல்லும்படி கேட்காதே. அவன் கோபப்பட்டால் கேட்டுக்கொள். கதவைத் திறக்காவிட்டால் அவனுடைய அம்மாவிடம் சொல்லிவிட்டு வா. இவ்வளவு நாள் நடந்த பாடங்களின் குறிப்புகளை நகலெடுத்துக் கொண்டுபோனால் நல்லது. அதை அவனுக்கு விலையாகக் கொடுப்பதுபோல் கொடுக்காதே.

தனியாகக் கேட்கும் மன்னிப்பு பாதிதான். காயம் வகுப்பின் முன்னால் விழுந்தது. அவன் திரும்பி வரும் நாளில், அத்தனை பேரும் பார்க்க அவன் பெஞ்சில் போய் உட்கார். விசில் கேட்டால் சண்டைக்குப் போகாதே, பேச்சும் வேண்டாம். திரும்பிப் பார்த்து, சிரிக்காமல், “நிறுத்துங்கள்” என்று ஒரு தடவை சொல். உன் குரல் நடுங்கும். நடுங்கட்டும். உன் வகுப்பில் அந்தக் கூட்டத்தைத் தவிர மற்றவர்கள் பெரும்பாலும் உன்னைப் போலவே சங்கடத்தில் சிரித்தவர்கள்தான். அவர்களில் இரண்டு பேரிடம், ஒருவேளை உங்கள் கால்பந்து அணிப் பையன்களிடம், முன்கூட்டியே பேசி வைத்துக்கொள். ஒருவர் நிறுத்தச் சொன்னால் அடுத்தவர் சொல்வது எளிது.

இவ்வளவுக்குப் பிறகும் அவன் உன்னோடு பேசாமல் இருக்கலாம். வேறு பள்ளிக்கு மாறலாம். அது அவன் உரிமை, உனக்கு வலிக்கும். அப்போதும் ஆசிரியையிடம் சொல்ல வேண்டியதை நிறுத்தாதே. அந்தக் கூட்டம் அடுத்த ஆண்டு வேறொருவனைத் தேடும்.

முதலில் அந்தச் செய்தி. இன்று மாலைக்குள் ஆசிரியையிடம் பேசிவிட்டு, அவன் பத்திரமாக இருக்கிறான் என்று தெரிந்ததும் எனக்கு இரண்டு வரி எழுது. உனக்கும் தூக்கம் வருவதில்லை என்று எழுதியிருக்கிறாய். 14416 உனக்கும் சேர்த்துத்தான்.